தோற்றவனிடம் காசு கேட்காத விளையாட்டு
(சேலம் அம்மாப்பேட்டையில் பெற்றோரும் மாணவரும் கூடிய மாலை நிகழ்ச்சியில் பேசியது)

பெரியவர்களுக்கும், பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எனக்கு முன்னால் ஐயா பேசினார். அவர் கவலை நியாயமானது. ஆனால் எல்லா விளையாட்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ரம்மி வேறு சங்கதி. அந்த வகையை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்தது. அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

எனக்கு உயிரான விளையாட்டு காண்ட்ரா. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987இல் வெளியிட்டது. நம் தெருக்களில் டிவியோடு இணைக்கும் பெட்டியில் கேசட் செருகி ஆடினோம். அதில் அருவி மேலே ஏறுகிற கட்டம் ஒன்று உண்டு. இருவர் ஆடும்போது ஒருவன் அவசரப்பட்டுத் தாவினால் திரை மேலே நகரும், கீழே நிற்கிற கூட்டாளி செத்துப்போவான். "இருடா, நானும் வந்தர்றேன்" என்று கத்தாத பையன் கிடையாது. தன் லைஃப், அதாவது செத்தாலும் மறுபடி ஆடக் கிடைக்கும் வாய்ப்பு, தீர்ந்தவன் கூட்டாளியின் லைஃபில் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடரவும் வழி வைத்திருந்தார்கள். கூட இருப்பவனுக்காக நின்று ஏறினால்தான் அந்தக் கட்டத்தை இருவரும் சேர்ந்து தாண்ட முடியும். அந்த அமைப்பைச் செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பிடிக்காதது எது? 2012இல் வந்த கேண்டி க்ரஷ் சாகா. மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்ப்பதில் ஒரு குற்றமும் இல்லை. ஐந்து லைஃப் தருகிறது. தீர்ந்தால் ஒரு லைஃப் திரும்ப வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுக்கலாம். இதைத்தான் வெறுக்கிறேன். காண்ட்ராவில் தோற்றால் கை இன்னும் பழக வேண்டும் என்று தெரியும். இங்கே தோற்ற நொடியில் கடை திறக்கிறது. இந்த வழியை எத்தனையோ விளையாட்டுகள் பிடித்துக்கொண்டன. உங்கள் பிள்ளை எதை ஆடுகிறான் என்று பார்க்கும்போது, தோற்றதும் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

நம்மவர்கள் கவனிக்கத் தவறிய ஒரு வீடியோ கேமைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். அதன் பெயர் வெண்பா. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கதையில் 1980களில் கனடாவில் குடியேறி வாழ்கிற தமிழ்த் தம்பதி வெண்பா, பாவலன். அவர்கள் மகன் கவின். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். முதல் பலகாரமே இட்லி! தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதுதான் புதிர். நம் வீட்டு அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வதை, பிள்ளைகள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் செய்தாலும் யாரும் காசு கேட்பதில்லை, மறுபடி செய்து பார்க்கலாம். வளர்ந்த கவின் அம்மாவின் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு, அதாவது சிறந்த முதல் படைப்பு, என்ற விருது கொடுத்தது. தமிழ் வீட்டின் அடுப்படிக்கு உலக அரங்கில் கிடைத்த மரியாதை அது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுகிற ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்த மேசையில் மடிக்கணினி திறந்திருக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பொத்தானைக் காட்டுங்கள், அம்மா அப்பாமார் இட்லி ஊற்றட்டும். ஏற்காட்டிலிருந்து வந்தவர்கள் பஸ் பிடிக்க வேண்டும், முதலில் அவர்கள் உட்காருங்கள்.