தாழைக்கும் ஒரு சட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில், சேதுபாவாசத்திரம் பக்கம் ஒரு நாட்டுப்படகில் போயிருந்தேன். இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி ஆழம்கூட இருக்காது. முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டால், கீழே நடவு வயல் மாதிரி ஒரே பச்சை. அதன் நடுவே, யாரோ சின்னக் கலப்பை ஓட்டியதுபோல ஒரு வெறும் கோடு. ஒரு சாண் அகலம் இருக்கும். அங்கே புல் வேரோடு போய், மண் மட்டும் தெரிந்தது. படகுக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆவுளியா மேஞ்ச தடம் தம்பி. ராத்திரி வந்திருக்கு."

ஆவுளியா என்று அவர் சொன்னது கடற்பசுவைத்தான். அந்தப் பச்சைக்குக் கரையில் கடல்தாழை என்று பெயர், புத்தகத்தில் கடற்புல். ஆவுளியாவுக்குச் சாப்பாடு பெரும்பாலும் இதுதான். தாழை இல்லாத கடலில் அது பிழைக்காது.

இந்த விலங்கைக் காப்பாற்றச் சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானையோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அதனால் கறிக்காகப் பிடிப்பது பெரிதும் குறைந்தது. ஆனால் விலங்குக்குக் கிடைத்த அந்தக் காவல், அது மேயும் புல்லுக்குப் பல காலம் கிடைக்கவில்லை. பசுவைக் காப்போம் என்று சொல்லிவிட்டு மேய்ச்சல் தரையைக் கவனிக்காமல் விட்டிருந்தோம். எனக்கு இதில்தான் மனவருத்தம் அதிகம்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இந்தக் குறையைக் கையில் எடுத்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய பாக் விரிகுடாக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. அந்த 1972 சட்டம் மத்திய அரசுடையது என்றாலும், அதன் 36-ஏ பிரிவின்படி இப்படி ஓர் இடத்தை அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்துக்குத்தான். அதிலும் ஒரு நிபந்தனை: அங்கே வாழும் மக்களைக் கலந்து பேசிய பிறகுதான் அறிவிக்க வேண்டும். நிர்வாகக் குழுவிலும் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. தேசியப் பூங்காவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இதுதான்.

இந்த வித்தியாசத்தைக் கரையில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் இருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதுவரை தீவில் இறங்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. அந்தக் கதை பாக் விரிகுடாக் கரைக்கு வந்து சேராமலா இருக்கும்? "நாளைக்கு நம்மையும் கடலுக்குள்ள விடமாட்டாங்களோ" என்று கேட்பவரிடம் கோபப்பட நமக்கு உரிமை கிடையாது. புதிதாக மீன்பிடித் தடை எதுவும் இல்லை என்று அரசு சொல்லியிருக்கிறது. அந்த வார்த்தை காப்பாற்றப்பட வேண்டும்.

சரி, புதுத் தடை இல்லையென்றால் தாழையை எது காக்கும்? இங்கேதான் பலரும் மறந்துபோன ஒரு மாநிலச் சட்டம் வருகிறது: 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்பது அதில் வரும் முக்கியமான விதி. சிறு மீனவர் பிழைப்புக்காக வந்த விதி அது. ஆவுளியாவை நினைத்து யாரும் எழுதவில்லை. ஆனால் தாழை தழைப்பது கரையோரத்துக் குறைந்த ஆழத்தில். விசைப்படகு இழுத்துப் போகும் வலையான இழுவை மடியின் பலகையும் சங்கிலியும் தரையை உரசிக்கொண்டு போனால் தாழை வேரோடு பெயரும். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி போட்டால் சேதம் இன்னும் மோசம். அதனால் இந்தப் பழைய விதியைச் சரியாக நடத்தினாலே பாதுகாப்பகத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம் வலை. திருக்கை வலையை மாலையில் விட்டுவிட்டு விடிந்ததும் எடுப்பார்கள். ஆவுளியாவுக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். ராத்திரியில் மாட்டினால் விடிவதற்குள் செத்துவிடும். உயிரோடு கண்டால் வலையை அறுத்துத்தான் விட வேண்டும். ஒன்றிரண்டு கண்ணியை அறுத்தால் போதாது, அந்தப் பாரத்தை வெளியே எடுக்க வலையில் பெரிய பங்கு போய்விடும். அப்படியும் இந்தக் கரையில் மீனவர்கள் அறுத்து விட்டிருக்கிறார்கள். வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பரிசும் கொடுத்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் மேடையில் பொன்னாடை போர்த்துவதைவிட, அறுந்த வலைக்கு உரிய பணத்தை அந்த வாரமே அவர் கையில் கொடுப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வலை இல்லாத வீட்டில் அடுத்த நாளே உலை கொதிக்காது. ஆவுளியா ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்குச் சில வருடங்கள் ஆகும். ஒன்றைப் பிழைக்க வைத்தால் அது எத்தனை பெரிய உதவி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். நிர்வாகக் குழுக் கூட்டத்தை மாவட்டத் தலைநகரில், காலை பதினோரு மணிக்கு வைத்தால், விடியற்காலையில் வலை எடுக்கப் போனவர் எப்படி வருவார்? நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, மீன் இறங்கும் ஏலக்கூடத்திலேயே பாயை விரித்து வையுங்கள். நண்டு வலை பிரிக்கும் பெண்களும் அங்கேதான் இருப்பார்கள். தாழை எந்தப் பக்கம் தழைத்திருக்கிறது, எங்கே போன வருடத்தோடு காணாமல் போனது என்று கைநீட்டிக் காட்டுவார்கள்.

வணக்கம்.