எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி

வணக்கம் நேயர்களே. வசதியான குடும்பத்து மூதாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேலைக்கு வருகிறார். மாத்திரை கொடுக்க, குளிக்க வைக்க, ராத்திரி தூக்கம் வராதபோது பக்கத்தில் உட்கார்ந்திருக்க. ஒரு வருஷத்துக்குள் பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாத சங்கதியெல்லாம் இவருக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு வலிக்காது, யார் கடிதம் வந்தால் அம்மா இரண்டு நாள் வாய் திறக்க மாட்டார் என்பது வரைக்கும். அப்போது வீட்டார் பெருமையாகச் சொல்வார்கள்: "இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுப் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டு, வீட்டுப் பெண் மாதிரி இருப்பவருக்குக் கிடையாது. அம்மா கண்ணை மூடிய மறுநாள் அவர் எங்கே போவார் என்பதுதான் என் கவலை.

இதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது விக்டோரியா மகாராணியும் அப்துல் கரீமும். 1887இல், மகாராணிக்கு 68 வயதில், உணவு மேசையருகே நின்று பரிமாற ஆக்ராவிலிருந்து வந்தவர் கரீம். வயது 24. அங்கே எழுத்தராக இருந்தவருக்குத் தட்டு ஏந்தி நிற்பது பிடிக்கவில்லை, ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்றார். மகாராணி இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார், தட்டை வாங்கிவிட்டு முன்ஷி, அதாவது மொழி சொல்லித்தரும் ஆசிரியர், ஆக்கினார், அவர் பரிமாறுவதுபோல் எடுத்த புகைப்படங்களும் அழிக்கப்பட்டன. எனக்கு அந்த நட்பில் நம்பிக்கை வருவது இந்த இடத்தில்தான். போகிறேன் என்று வேலைக்காரர் வாய்விட்டுச் சொன்னார், எஜமானி காது கொடுத்துக் கேட்டார்.

அப்புறம் பாடம் தொடங்கியது. மகாராணி நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு இந்துஸ்தானி எழுதிப் பழகினார், அப்படியே 13 தொகுதிகள் சேர்ந்தன. அவருக்காக எழுதிக் கொடுத்த வாக்கியங்களைப் பாருங்கள்: ஆஸ்போர்ன் மாளிகையில் தேநீர் எப்போதுமே மோசம். முட்டை சரியாக வேகவில்லை. விருப்பமிருந்தால் நீ வீட்டுக்குப் போகலாம். அரசியல் எதுவும் இல்லை, ஒரு முதிய பெண்மணியின் காலை நேரம் முழுக்க அதில் இருக்கிறது.

கரீமைக் குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். தன் தந்தையின் பதவியைப் பெரிதாக்கிச் சொன்னார், பட்டங்களுக்கு ஆசைப்பட்டார். ஆனால் அரண்மனைக்காரர்களின் வெறுப்பில் பாதிக்கு மேல் நிறமும் குலமும்தான். 1897இல் பிரான்ஸ் பயணத்துக்கு அவரும் வந்தால் நாங்கள் ராஜினாமா செய்வோம் என்று மிரட்டினார்கள். மகாராணி கோபத்தில் மேசைமேல் இருந்ததையெல்லாம் தரையில் தள்ளிவிட்டாராம்.

1901 ஜனவரியில் மகாராணி இறந்தார். சவப்பெட்டியை மூடுமுன் கடைசியாகத் தனியே பார்க்கக் கரீமுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. புதிய மன்னர் எட்வர்டின் ஆணைப்படி, மகாராணி கரீமுக்கு எழுதிய கடிதங்களை அவர் வீட்டிலிருந்தே எடுத்துத் தீயில் போட்டார்கள், ஊருக்குக் கிளம்பு என்றார்கள்.

இன்றைக்கும் பராமரிப்பு வேலை செய்கிறவர்களை அப்படித்தான் அனுப்புகிறார்கள், நெருப்பு மட்டும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் கொண்டுவந்த வீட்டுவேலைத் தொழிலாளர் உடன்படிக்கை, வாரம் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், வேலை விவரம் புரியும்படி சொல்லப்பட வேண்டும், முடிந்தவரை எழுத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. பாசமாகத்தானே இருக்கிறோம், எழுத்து எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. பாசம் இருக்கிற காலத்தில்தான் எழுத முடியும், சரிதானே? அம்மா போன பிறகு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

மகாராணிக்கு அது தெரிந்திருந்தது. தனக்குப் பிறகு இவரை விட்டுவைக்க மாட்டார்கள் என்று உணர்ந்தவர்போல, வைஸ்ராய்க்குத் திரும்பத் திரும்ப எழுதி ஆக்ராவில் கரீமுக்கு நிலம் வாங்கிக் கொடுத்திருந்தார். கடிதங்கள் எரிந்தாலும் அந்த நிலம் காத்திருந்தது. 1909இல் இறக்கும் வரை கரீம் அங்கேதான் வாழ்ந்தார்.