ஞாயிறு பூசைக்குப் போகாதவர் கிறிஸ்தவரா?

வணக்கம் நேயர்களே. ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையோரத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்கருக்குக் குருவானவர் இல்லை. பூசையும் இல்லை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் இல்லை. ஆயினும் அவர்களுடைய விசுவாசம் அழியவில்லை. அப்படியானால், கொட்டாஞ்சேனையில் இரண்டு தெரு தள்ளிக் கோயில் இருந்தும் ஞாயிறு காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்பவர், "மனதில் பக்தி இருந்தால் போதாதா?" என்று கேட்பதில் என்ன தவறு?

விதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1247ஆம் பிரிவு, ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் பூசையில் பங்குபற்றுவதைக் கடமையாக்குகிறது. நோயாளிக்கும் கைக்குழந்தையைப் பராமரிப்பவருக்கும் விலக்கு உண்டு. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையாரிடம் கேட்டால், சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்னும் எபிரேயர் 10:25ஐ எடுத்துக் காட்டுவார்கள். விதி அவ்வளவுதான். வரலாறுதான் சுவையானது.

[திரையில்: வொல்வெண்டால் தேவாலயம்]

1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்து குருமாரை வெளியேற்றினார்கள். அரச உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். திருமணமும் பிள்ளையின் ஞானஸ்நானமும் பள்ளித் தோம்பு எனப்பட்ட பள்ளிப் பதிவேட்டில் பதியப்பட்டன. அந்தப் பதிவு இல்லாவிட்டால் பரம்பரைக் காணிக்கு உரிமை கோருவதே சிக்கலாகிவிடும். ஆகவே சைவரும் கத்தோலிக்கரும் பெயரைப் பதிந்தார்கள், வாங்கில்களில் உட்கார்ந்தார்கள், வீட்டுக்குப் போய்த் தங்கள் வழக்கப்படியே வணங்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் அது மாபெரும் கிறிஸ்தவ சமூகம்! 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் அந்த எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. வரவை மட்டும் வைத்து விசுவாசத்தை அளப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றும் கூட்டத்தில் இந்துக்களும் பௌத்தர்களும் நிறையவே உண்டு. வருகிறவர் எல்லாரும் கிறிஸ்தவர் என்றால் கொழும்பில் பாதிப் பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதோடு நிறுத்தினால் போர்வைக்காரர் வென்றுவிடுவார். ஆனால் அதே காலத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்டால் ஒல்லாந்தரிடம் பிடிபடுவார். எனவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார் என்றும், எவருடைய கண் அந்த மாலையில் படிகிறது என்று கவனித்தார் என்றும் அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. அப்படி அடையாளம் கண்ட மக்கள் அவரை யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்தில் மறைத்து வைத்தார்கள். இரவில் வீடுகளுக்குள் நடந்த பூசைக்கு ஆபத்தைப் பொருட்படுத்தாமல் கூடினார்கள். அவர் அடுத்த ஊருக்குப் போனபின் செபத்தை நடத்தவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் குருவல்லாத ஊர்ப் பெரியவர்களான மூப்பரும் அண்ணாவியாரும் பொறுப்பேற்றார்கள். குருவில்லாத காலத்தைத் தாண்டி வந்தவர்கள், "இனி எங்களுக்குப் பூசை எதற்கு?" என்று கேட்கவே இல்லை. என் கருத்தும் இதிலிருந்துதான் பிறக்கிறது: போக முடியாதவருடைய விசுவாசத்துக்கு எந்தக் குறையும் இல்லை, போக முடிந்தும் ஆண்டுக்கணக்கில் எவரோடும் கூடாதவருடைய விசுவாசம் அவருடைய பிள்ளைகள் வரைக்கும் போய்ச் சேருமா என்பது எனக்குச் சந்தேகமே. (அந்த அடிகளாருக்கு 2015 ஜனவரி 14ஆம் திகதி நம்முடைய காலிமுகத்திடலிலேயே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். அன்று அங்கே நின்றிருந்தவர்கள் கருத்துப் பகுதியில் கையை உயர்த்துங்கள்.)

[திரையில்: 2019 ஏப்ரல்]

உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின், ஏப்ரல் 28ஆம் திகதி கொழும்பில் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டார்கள். அன்று எவரும் கடமை தவறவில்லை, ஏனென்றால் போக வழியே இருக்கவில்லை. பின்னர் கொரோனா முடக்கமும் வந்து, கைப்பேசியில் பூசை பார்ப்பது பலருக்குப் பழகிவிட்டது. படுக்கையில் கிடக்கும் அம்மம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். சுகதேகியான பேரன் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு சாய்ந்திருந்து அதையே பார்த்தால், திருச்சபையின் கணக்கில் அவனுடைய கடமை நிறைவேறாது.

ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கும் புறக்கோட்டை ஊழியர்கள், வைத்தியசாலையில் கடமையிலிருக்கும் தாதியர் ஆகியோருக்கு ஒரு செய்தி: சட்டத்தின் அடுத்த பிரிவான 1248இன்படி சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடனை நிறைவேற்றும். உங்கள் பங்குக் கோயிலில் அது எத்தனை மணிக்கு என்று கீழே எழுதிவிடுங்கள். புதிதாகக் கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு உதவும்.