ஸ்டாலின் போட்ட கணக்கு

நண்பர்களே, வணக்கம்.

1939 நவம்பர் 30ஆம் தேதி போர் அறிவிப்பே இல்லாமல் சோவியத் படை பின்லாந்துக்குள் புகுந்தது. அன்றே ஹெல்சிங்கியில் குண்டுகள் விழுந்தன. நாட்டின் மக்கள்தொகை அப்போது 40 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

வெள்ளை உடையில் பனிச்சறுக்கில் வந்து தாக்கிய பின்லாந்து வீரர்களை எல்லோரும் போற்றுகிறோம். போற்றவே வேண்டும். 1940 ஜனவரியில் ராத்தே காட்டுச் சாலையில் நீண்டு நின்ற சோவியத்தின் 44ஆவது டிவிஷனைத் துண்டு துண்டாக்கிச் சிதைத்தவர்கள் அவர்கள்தானே! டாங்கிகளை எதிர்க்கப் பீரங்கிகள் போதவில்லை; அரசு மதுபான ஆலையில் பெட்ரோல் குண்டுகள் தயாராயின.

சரி, அந்த வீரர்கள் யார்? அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1918இல் பின்லாந்து, தொழிலாளர் பக்கம் செம்படை, அவர்களை எதிர்த்த பக்கம் வெண்படை என்று பிரிந்து தனக்குள்ளேயே வெட்டிக்கொண்டது. சில மாதங்களில் 35,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தோற்ற தொழிலாளர்கள் சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வென்ற வெண்படையின் தளபதி மன்னர்ஹைம். 1939இல் தலைமைத் தளபதியும் அவரேதான். வயது 72.

அப்பாவைப் பறிகொடுத்த தொழிலாளியின் மகன் இவர் பின்னால் போவானா? மாட்டான் என்றுதான் ஸ்டாலினின் மாஸ்கோ நம்பியது. எல்லையோர ஊரான தெரியோக்கியில், 1918இல் செம்படைப் பக்கத் தலைவர்களில் ஒருவராக இருந்த ஓட்டோ கூசினெனை வைத்து ஒரு 'மக்கள் அரசாங்கம்' அமைத்தது. அதை மக்கள் ஏற்கவில்லை. தொழிலாளியின் மகன் தன் ஊர்க்காரனோடு போர்முனைக்குப் போனான். சமூக ஜனநாயகக் கட்சியின் வைனோ தன்னர் வெளியுறவு அமைச்சரானார். அதுவரை தொழிற்சங்கத்தோடு பேசவே மறுத்த முதலாளிகள், போர் நடக்கும்போதே 1940 ஜனவரியில் அதை அங்கீகரித்தார்கள். முன்பே செய்திருக்கலாம். ஆனாலும் செய்தார்களே!

போர் 105 நாள் நடந்தது. சுமார் 25,000 பின்லாந்து வீரர்கள் இறந்தார்கள். மார்ச் 13இல் சண்டை நின்றபோது வீபுரி நகரமும் கிழக்கெல்லைப் பகுதியான கரேலியாவின் பெரும்பகுதியும் கைவிட்டுப் போயின. அங்கிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள். நாடு அடிமைப்படவில்லை.

அப்புறம் அந்த மே மாதம், 1918 வெற்றிக்காக ஆண்டுதோறும் நடந்த வெண்படை அணிவகுப்பை மன்னர்ஹைமே நிறுத்தினார். அதற்குப் பதிலாக ஒரு நினைவு நாளை அறிவித்தார்: போரில் வீழ்ந்தவர்களுக்கும், 1918இல் இரு பக்கமும் இறந்தவர்களுக்கும் சேர்த்து.