நூற்றுக்குப் பதினைந்து: அந்தக் கணக்கு எங்கே தப்பாச்சு?

[திரையில்: 15% என்ற எண் மட்டும்]

டிப்ரஷனுக்காக ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்கள்ல நூத்துக்குப் பதினைஞ்சு பேர் தற்கொலையாலதான் இறப்பாங்க. 1970-ல சாமுவேல் கூஸே, ஈலை ராபின்ஸ்னு ரெண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் எழுதின கட்டுரையில இருந்து கிளம்பின எண் இது. முப்பது வருஷத்துக்கு டாக்டருங்க இதையே திரும்பத் திரும்பச் சொன்னாங்க. வீட்ல ஒருத்தர் வார்டுல இருக்கிறப்போ இந்த வரியைப் படிக்கிற அம்மாவை நினைச்சுப் பாருங்க.

அந்த எண் தப்பு.

[திரையில்: நூறு புள்ளிகள்]

உதாரணத்துக்கு, நூறு நோயாளிகளைப் பத்து வருஷம் கவனிக்கிறோம்னு வெச்சுக்குவோம். ஆறு பேர் இறந்துட்டாங்க. அதுல மூணு தற்கொலை. இறந்த ஆறு பேரை வெச்சு வகுத்தா 50 சதவீதம். நூறு பேரை வெச்சு வகுத்தா 3. மீதி 94 பேர் உயிரோட இருக்காங்களே, அவங்க எந்தக் கணக்குல? அவங்களுக்கு மாரடைப்பு, சர்க்கரை, முதுமைன்னு சாகிறதுக்கு இன்னும் காலம் கிடக்கு. பழைய கணக்கு இறந்தவங்களை மட்டுமே எண்ணுச்சு.

2000-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ங்கிற ஆஸ்பத்திரியைச் சேர்ந்த போஸ்ட்விக்கும் பான்க்ராட்ஸும் இதைத் திருத்தினாங்க. டிப்ரஷன் மாதிரி மனநிலைக் கோளாறுக்காக வார்டுல சேர்ந்தவங்களுக்கு ஆயுள் முழுக்கத் தற்கொலை ஆபத்து 4 சதவீதம். தற்கொலை எண்ணமோ முயற்சியோ காரணமா சேர்ந்தவங்களுக்கு 8.6.

டென்மார்க்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாள எண் உண்டு. ஆஸ்பத்திரிப் பதிவும் இறப்புப் பதிவும் அதுல இணையும். அதை வெச்சு, மனநலச் சிகிச்சைக்கு முதல்முறை வந்தவங்களை 36 வருஷம் வரைக்கும் தொடர்ந்து பார்த்தாங்க. 2011-ல முடிவு வந்துச்சு: தற்கொலையால இறந்தது டிப்ரஷன் உள்ள ஆண்கள்ல 6.67 சதவீதம், பெண்கள்ல 3.77. மனநோய் இல்லாதவங்கள்ல 0.72, 0.26.

பயமுறுத்துற எண்தான், மறுக்கல. ஆனா ஆண்கள்லயே நூத்துக்குத் தொண்ணூத்துமூணு பேருக்கு அப்படி நடக்கலைங்கிறதும் இதே எண்தான் சொல்லுது.

[திரையில்: ஒரு வளைகோடு, இடது ஓரத்துல செங்குத்தா ஏறி, பிறகு மெல்ல இறங்குது]

இந்த ஆபத்து 36 வருஷத்துக்கும் சமமாப் பரவிக் கிடக்கல. டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்துலதான் உச்சம். வார்டுல நேரத்துக்கு மாத்திரை வருது, ராத்திரி ஒரு நர்ஸ் முழிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்தா அதே கடன், அதே சண்டை, அதே அறை. இதுல நம்ம வீடுகள்ல ஒரு பழக்கம்: "அதான் அனுப்பிட்டாங்களே, சரியாயிடுச்சு"ன்னு மூணாம் நாளே வேலைக்குக் கிளப்பி விடுறது. மாத்திரை முழுசா வேலை செய்யவே சில வாரம் ஆகும்ங்க.

சரி, யாராவது எதையாவது செஞ்சு பார்த்தாங்களா? சான்ஃபிரான்சிஸ்கோவுல ஜெரோம் மோட்டோன்னு ஒரு மனநல மருத்துவர். டிப்ரஷனாலயோ தற்கொலை எண்ணத்தாலயோ ஆஸ்பத்திரியில இருந்துட்டு, அப்புறம் தொடர் சிகிச்சை வேண்டாம்னவங்க 843 பேர். அவங்களை 1969-ல தொடங்கி ரெண்டு குழுவாப் பிரிச்சார். ஒரு குழுவுக்குக் கடிதம் போச்சு. முதல்ல மாசா மாசம், பிறகு ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு, பிறகு மூணு மாசத்துக்கு ஒண்ணு. அஞ்சு வருஷத்துல 24 கடிதம். வார்டுல அவங்ககிட்ட பேசினவரே கையெழுத்துப் போடுவார். நீங்க இங்கிருந்து போய்க் கொஞ்ச நாளாச்சு, நல்லா இருப்பீங்கன்னு நம்புறோம், எழுதணும்னு தோணுச்சுன்னா எழுதுங்க, படிக்க எங்களுக்குச் சந்தோஷம். அவ்வளவுதான். மாத்திரை சாப்பிட்டீங்களான்னு ஒரு கேள்வி கிடையாது.

முதல் ரெண்டு வருஷத்துல கடிதம் போன குழுவுல தற்கொலை தெளிவாவே குறைவு. பிறகு அந்த வித்தியாசம் மெல்லத் தேய்ஞ்சு, பதினாலாவது வருஷத்துல ரெண்டு குழுவும் ஒண்ணாயிடுச்சு. கடிதம் நின்னது அஞ்சாவது வருஷம்.

[திரையில்: பேச ஆள் வேணும்னா, மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926]