மூணாவது தடவை, எட்டு போட்டுட்டேன்!

வணக்கம் வணக்கம்! என் கையில எப்பவும் இருக்கிற சுக்கு காபி டம்ளர் இல்லைன்னு இந்நேரம் கவனிச்சிருப்பீங்க. அடுப்புல வைக்கவே பொறுமை இல்லை, விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். எட்டு போட்டுட்டேன்! இன்னைக்குக் காலையில, லைசென்ஸ் டெஸ்ட்டுல, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துல, என் ஸ்கூட்டியில, ஒரு இடத்துலயும் கால் ஊன்றாம. இன்ஸ்பெக்டர் "ம், போங்க"ன்னு ரெண்டே வார்த்தைதான் சொன்னார். எனக்கு அது போதும்.

ரெண்டாவது தடவை ஃபெயில் ஆனப்போ அழுதுக்கிட்டே ஒரு வீடியோ போட்டேன்ல, அதுக்குக் கீழ நிறைய பேர் "பாசிட்டிவா நினைங்க அக்கா, தானா நடக்கும்"னு எழுதியிருந்தீங்க. அன்புலதான் எழுதினீங்க, தெரியும். ஆனா அந்த "தானா நடக்கும்" எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எட்டு எங்கேயாவது தானா விழுமா?

காப்ரியேலே ஓட்டிங்கன்னு ஜெர்மனிக்கார உளவியல் பேராசிரியை. அவங்களும் தாமஸ் வாடன்னு இன்னொரு ஆய்வாளரும் 1991-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. உடம்பைக் குறைக்க வந்த 25 பெண்களைப் பார்த்திருக்காங்க. "என்னால குறைக்க முடியும்"னு நம்பினவங்களுக்கு எடை அதிகமா குறைஞ்சிருக்கு. ஏற்கெனவே ஒல்லியாகிட்ட மாதிரி இனிக்க இனிக்கக் கனவு கண்டவங்களுக்குக் கம்மியாத்தான் குறைஞ்சிருக்கு. நம்பிக்கை வேற, பகல்கனவு வேற. நான் நம்பிக்கை கட்சி.

சரி, அந்த அழுத வீடியோ. எடிட் பண்றப்போ நானே அதை நாலு தடவை கேட்க வேண்டியதாப் போச்சு. அதுல என்ன சொல்றேன் தெரியுமா? "எனக்கு வண்டியே வராது. 43 வயசுல இதெல்லாம் எதுக்கு. நான் தொட்ட எதுவுமே உருப்படாது." கேட்கக் கேட்க நெஞ்சு பக்குன்னுச்சு. நடந்தது என்ன? ரெண்டாவது வளைவுல வேகம் செத்துப்போய் இடது கால் கீழ பட்டுச்சு. அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு என் மொத்த வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதினேன்?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் செலிக்மன்னு ஒரு பேராசிரியர், இதைத்தான் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர். ஒரு கெட்டது நடந்தா அதுக்கு நாம என்ன காரணம் சொல்லிக்கிறோங்கிறதுலதான் விஷயம் இருக்குங்கிறார். நம்ம பாஷையில மூணே வார்த்தை: "எப்பவுமே", "எல்லாத்துலயும்", "என்னாலதான்". நம்பிக்கை இழந்தவங்க வாயில இந்த மூணும் வரும். என் வீடியோவுல மூணுமே இருந்துச்சு! நம்பிக்கைக்காரங்க "இந்தத் தடவை, இந்த இடத்துல, இந்தக் காரணத்தால"ன்னு சின்னதா பிரிச்சுப் பார்ப்பாங்க. சின்னதா இருந்தாத்தானே கையில எடுத்துச் சரி பண்ண முடியும்?

இது புரிஞ்சதும் நான் பண்ண முதல் வேலை, தரையில எட்டு வரைஞ்சு ஓட்டிப் பழக கோலப்பொடி வாங்கினதுதான். எங்க தெருமுனைக் கடையில பெரிய பாக்கெட் 40 ரூபாய், மார்க்கெட்டுல அதே பாக்கெட் 25. 15 ரூபாய்க்காக நான் பேருந்து ஏறிப் போய் வாங்கினேன், சும்மா விடுவேனா! டெஸ்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் 300 ரூபாய் கட்டுறேன், இதுலயாவது மிச்சம் பிடிக்கணும்ல. காலையில ஆறு மணிக்கு வீட்டுக்குப் பின்னாடி காலி மனையில எட்டு போட்டேன். முதல் நாள் காத்துல பொடி பறந்துடுச்சு. மறுநாள் தண்ணி தெளிச்சுட்டு மேல போட்டேன், கல்லு மாதிரி நின்னுச்சு. மார்கழி முழுக்க வாசல்ல போட்ட கை, எட்டு என்ன பெரிய விஷயம்!

ஓட்டிப் பார்த்தப்பத்தான் தப்பு பிடிபட்டுச்சு. முன் சக்கரத்தையே பார்த்துக்கிட்டு ஓட்டியிருக்கேன். பார்வை அடுத்த வளைவு முடியிற இடத்துல இருக்கணும். ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டுடாம லேசா பிடிச்சுக்கிட்டு, இடது கையால பின் பிரேக்கைக் கொஞ்சமா அமுக்கணும். பத்து நாள் இதே வேலை.

அய்யோ, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மூணு தடவையும் போச்சுன்னா அடுத்த டெஸ்ட்டுக்கு 60 நாள் காத்திருக்கணும். எல்.எல்.ஆர்.ங்கிற பழகுநர் உரிமம் ஆறு மாசம்தான் செல்லும், என்னோடது முடியப் போகுது. அப்படியும் நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன். போன தடவை விடிய விடிய முழிச்சிருந்தேன். நம்பிக்கையால எனக்குக் கிடைச்ச முதல் லாபமே அந்தத் தூக்கம்தான்.

நம்பிக்கை இருந்தா ஆயுள் கூடும்னுகூடச் சொல்றாங்க. அமெரிக்காவுல 69,744 பெண்களையும் 1,429 ஆண்களையும் வருஷக்கணக்கா கவனிச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு. நம்பிக்கை அதிகமா இருந்தவங்களோட ஆயுள், குறைவா இருந்தவங்களைவிட சராசரியா 11-லேர்ந்து 15 சதவீதம் கூட. அந்த நம்பிக்கையேதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டும் சேர்ந்து போகுதுன்னு தெரியுது. எனக்கு இதைவிட அந்த ஒரு ராத்திரித் தூக்கம்தான் பெருசாத் தெரியுது.

டெஸ்ட்ல அதே ரெண்டாவது வளைவுல வண்டி லேசா ஆடுச்சு தெரியுமா! கால் தன்னால இறங்கப் பார்த்துச்சு. கண்ணைத் தூக்கி அந்தப் பக்கம் நின்ன வேப்பமரத்தைப் பார்த்தேன். வண்டி நிமிர்ந்துடுச்சு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். திரும்பி வந்தப்போ பக்கத்து வீட்டுத் தங்கச்சி அந்த மனையில நின்னு என் எட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. "அக்கா, எனக்கும் சொல்லித் தருவீங்களா? ரெண்டு வருஷமா வண்டி சும்மாதான் நிக்குது"ன்னா. நாளைக்கு ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். கோலப்பொடி கால் பாக்கெட்தான் மிச்சம் இருக்கு, சாயங்காலம் மார்க்கெட் போகணும். இந்தத் தடவை ஸ்கூட்டியிலயே போறேன். உரிம அட்டை கைக்கு வர்ற வரைக்கும் எல் போர்டோட, பின்னாடி எங்க வீட்டுக்காரரை உட்கார வச்சுக்கிட்டு!