வட்டியே இல்லாத கடன், ஆனா 15 வட்டி! பாம்பன் கரையில ஒரு நண்டுக் கணக்கு

(காட்சி: விடிகாலை, பாம்பன் கரை. நாட்டுப்படகுகள். பின்னால ரயில் பாலம்.)

1 லட்சம் ரூபாய். வட்டி கிடையாது. தவணை கிடையாது. ஜாமீன், பத்திரம் எதுவும் வேண்டாம். கையில வர்றப்ப குடுத்தாப் போதும். வாங்குவீங்களா, மாட்டீங்களா? இப்பவே கமெண்ட்ல போட்டுருங்க. வீடியோ முடியிறப்ப பதில மாத்தினா நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குவேன்.

தொண்டியில இருந்து மூக்கையூர் வரைக்கும் இந்தக் கரையில நாட்டுப்படகு வெச்சிருக்கிற பல பேரு இப்படி ஒரு கடன்ல இருக்காங்க. அதுக்குக் கடன்னு பேரு கிடையாது. அட்வான்ஸ்.

அதுக்கு முன்னாடி போரடிக்கிற பாகம், தாங்கிக்கோங்க. வர்க்கம்னா என்ன? கார்ல் மார்க்ஸ் சொல்றது: உற்பத்திச் சாதனம் யார் கையில இருக்கு, உழைப்ப மட்டும் விக்கிறவன் யாரு, இதுதான் பிரிவினை. விசைப்படகுல பாத்தா இது பளிச்சுனு தெரியும். படகு ஒருத்தரோடது, கடலுக்குப் போறது வேற ஆளுங்க. மீன் வித்த காசுல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதல்ல கழியும். மிச்சத்துலதான் பங்கு. மிச்சம் இல்லன்னா, ராத்திரி பூரா வலை இழுத்த கைக்குக் காய்ப்புதான் மிச்சம். போதும், கரைக்கு வாங்க.

(காட்சி: நாட்டுப்படகுல இருந்து நண்டு வலை இறங்குது.)

இந்த அண்ணனப் பாருங்க. படகு அவரோடது. இன்ஜின் அவரோடது. வலையும் அவரோடது. மேல சொன்ன கணக்குப்படி இவரு குட்டி முதலாளி. ஆனா வலையில சிக்கின நண்டக் கழிச்சு எடுத்ததும் யாரு அதிக விலை தர்றாங்கன்னு விசாரிக்கல. நேரா ஒரே ஒரு வியாபாரியோட தராசுக்குப் போறாரு. ஏன்னா அட்வான்ஸ் அங்க வாங்கியிருக்கு. “வட்டியா? அதெல்லாம் இல்ல தம்பி. சரக்க அவருக்குப் போட்டாப் போதும்.”

இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. சும்மா ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம், நிஜ விலை தினமும் மாறும். வெளிய கிலோ 400 போற நண்டுக்கு இவருக்குக் கிடைக்கிறது 350. ஒரு நாளைக்கு 20 கிலோ. நஷ்டம் 1,000 ரூபாய். மாசத்துல 15 நாள் கடலுக்குப் போனா 15,000. எதுக்கு? 1 லட்சத்துக்கு! நம்ம ஊரு பாஷையில இது 15 வட்டி. மீட்டர் வட்டிக்காரன் கூட எந்திரிச்சு நின்னு கை தட்டுவான். 7 மாசத்துல 1,05,000 போயிருச்சு, அசலயே தாண்டியாச்சு. நோட்டப் புரட்டிப் பாருங்க: பாக்கி 1 லட்சம். ஒரு ரூபா குறையல. வட்டின்னு யாரும் வாங்கலையே, விலையிலதான கழிஞ்சுது!

வியாபாரிய வில்லனாக்கிட்டு ஓடிரவும் முடியல. வலை கிழிஞ்சா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னா, ராத்திரி 11 மணிக்குக் கதவத் தட்டினா திறக்கிறது அவருதான். பேங்க் திறக்காது.

மார்க்ஸுக்கு இது தெரியாதான்னு தோழர்கள் சண்டைக்கு வராதீங்க. வியாபார மூலதனம், வட்டி மூலதனம் பத்தி அவரும் எழுதியிருக்காரு. ஆனா இந்தக் கரைக்குப் பொருத்தமா எனக்குப் படுறது மாக்ஸ் வேபர். 1920ல இறந்துபோன ஜெர்மன் சமூகவியலாளர். பழங்காலத்து வர்க்கச் சண்டையே கடன் குடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும்தான், கூலிச் சண்டையெல்லாம் பிறகு வந்ததுன்னு சொல்றாரு. பாம்பன்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நடக்குது: விசைப்படகுல கூலி, நாட்டுப்படகுல கடன்.

வேபர் இன்னொண்ணும் பிரிச்சாரு. வர்க்கம் வேற, அந்தஸ்து வேற. 2021 டிசம்பர்ல கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல்ல, வாடை அடிக்குதுன்னு மீன் விக்கிற ஒரு அம்மாவ அரசு பஸ்ஸுல இருந்து இறக்கி விட்டாங்க, ஞாபகம் இருக்கா? அந்த வருஷந்தான் டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆச்சு. அதாவது காசு பிரச்சினையே இல்ல. அதே மீன் ஏசி ஹோட்டல்ல தட்டுல வந்தா யாரும் இறங்கச் சொல்றதில்ல.

டேவிஸ், மூர்னு ரெண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1945ல எழுதினாங்க: முக்கியமான வேலைக்கும் அரிய திறமைக்கும் சமூகம் கூடுதலாத் தரும், ஏற்றத்தாழ்வு அதனாலதான். விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில இருந்து மரிக்கொழுந்துங்கிற கடல்பாசி பறிக்கிற அக்காமார்கிட்ட இதச் சொல்லிட்டு வாங்க. நான் படகுலயே இருக்கேன், எனக்கு நீச்சல் சுமார்தான்.

சரி, அந்த 1 லட்சம். கேமராவ அணைச்சதுக்கு அப்புறம் அந்த அண்ணன்கிட்ட கணக்கப் போட்டுக் காட்டினேன். முழுசும் கேட்டாரு. “தெரியும் தம்பி”ன்னாரு. அப்ப ஏன் அடைக்கலன்னு கேட்டேன்.

“அடைச்சிட்டா, அடுத்த தடவ இன்ஜின் படுத்துக்கிட்டா யார்கிட்ட போயி நிக்கிறது?”